அப்பா மெஷினை நிறுத்தும் இடம்

மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும்போது அப்பா ஓர் இடத்தில் மட்டும் மெஷினை நிறுத்துவார். வடக்கு மூலையில், கம்பிவேலி ஓரமாக, எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைக் கல் நிற்கிறது. அதன் பக்கம் வந்ததும் எஞ்சினை அணைப்பார். தொப்பியைக் கழற்ற மாட்டார். கைப்பிடியை விடவும் மாட்டார். கல்லைப் பார்த்தபடி நிற்பார், உதடு அசையும். பிறகு இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பி, அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்.

சின்ன வயதில் வேலிக்கு வெளியே, பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். கல்லூரியிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்த வருடங்களிலும் பார்த்தேன். அவர் ஜெபிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாதவர், சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடாதவர், அந்தக் கல்லிடம் மட்டும் எதற்கு ஜெபிக்க வேண்டும்? கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டே பேர். அம்மா பக்கத்து மாநிலத்து பாய்சி நகரில் வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒருவர் கேட்கத் தொடங்கினால் மற்றவர் ஒளிய இடம் இருக்காது. அதனால் கேட்காமல் பழகிவிட்டோம்.

அப்பாவின் பெயர் வெர்லின் டக்கெட். கிழக்கு ஒரிகனில் எங்கள் கோல்டர் பள்ளத்தாக்கில் அவர் மாடு கறக்காத பால் பண்ணை இல்லை. சொந்தமாக ஒரு கன்றுக்குட்டிகூட வைத்துக்கொண்டதில்லை. விடியுமுன் ஒரு கறவை, பிற்பகலில் ஒரு கறவை. இரண்டுக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் தூங்கினார், அல்லது மேட்டுக் கல்லறைக்குப் போனார். மாட்டின் மடியில் தடவும் அயோடின் பட்டு அவருடைய விரல்கள் எப்போதும் காவி நிறமாக இருக்கும். பள்ளியில் பெற்றோரை அழைத்த நாட்களில் கையை ஜாக்கெட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு டீச்சரிடம் பேசுவார்.

அவருடைய அப்பா அம்மா ஒக்லஹோமாவில் புழுதிப் புயலில் வயல் மண்ணே பறந்துபோன காலத்தில் வண்டி கட்டிக் கிளம்பியவர்கள். பீட்ரூட் பிடுங்கி, பீருக்குப் போடும் ஹாப்ஸ் பறித்து, ஊர் ஊராக வந்தவர்கள். என் தாத்தா கலிபோர்னியாவில் ஒரு கூலிக் குடியிருப்பில் செத்தார். கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகத்து ஆட்கள் எடுத்துப் புதைத்தார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. பள்ளத்தாக்கில் எங்கள் பெயர் போட்ட கல் ஒன்றுகூட இல்லை. மே மாதக் கடைசியில், இறந்தவர்களின் நினைவு நாளன்று, ஊரே காபி டின்களில் லைலாக், பியோனிப் பூக்களை நிரப்பிக்கொண்டு மேட்டுக்கு ஏறும். நாங்களும் போவோம். அப்பாவின் கையில் ஒரே ஒரு டின் இருக்கும். அந்த வெற்றுக் கல்லுக்கு வைத்துவிட்டு வந்துவிடுவார்.

போன பிப்ரவரியில் நுரையீரல் நோயில் அவர் இறந்தார். கவுண்டி ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என்னிடம் சொன்னார்:

"என்னை மேட்டுல போடு. மூலையில."

"எந்த மூலைப்பா?"

"தெரியும் உனக்கு."

அதற்குப் பிறகு மருந்து ஏறஏற அவர் பேச்சு மாடுகளிடம் போய்விட்டது. எந்த மாடு உதைக்கும், எதற்கு முன்னங்காலில் வீக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே, "முன்னால போயிருக்கா, தண்ணி பாக்க" என்பார். ஏதோ கிடாரி மந்தையை விட்டுப் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். "வந்துரும்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பாடத்தில் தப்பு விட்ட பிள்ளையைப் பார்ப்பது போல ஏதோ இருந்தது.

நான் அழவில்லை. அழுகை எங்கோ வழியில் நின்றுவிட்டது என்று நினைத்தேன்; பிறகு அதையும் நினைக்கவில்லை. ஊர்க்காரர்கள் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். உருளைக்கிழங்கும் சீஸும் வேகவைத்தது, டின் சூப் ஊற்றிய நூடுல்ஸ், பச்சை ஜெல்லி. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தார்கள். நான் சாப்பிட்டேன், கழுவினேன், பெயரைப் பார்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டும் பெயர் இல்லை. அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பாவை எரித்த சாம்பலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் தந்தார்கள். பின்கட்டில், ஃப்ரீஸர் பெட்டியின் மேல், பண்ணையிலிருந்து அப்பா கொண்டுவந்திருந்த கன்றுப் பால் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வேறு இடம் தோன்றவில்லை.

கல்லறைக் குழுவின் தலைவி ஆர்டிஸ் கோர்லிஸ். மேட்டில் பாதிக் கற்கள் கோர்லிஸ் கற்கள். அவளைப் பார்க்கப் போனபோது சமையலறையில் என்னை உட்காரவைத்து காபி ஊற்றினாள்.

"உங்கப்பன் மட்டும் இல்லன்னா அங்க இன்னிக்குப் பாம்புதான் குடியிருக்கும், டெஸ்ஸா கண்ணு. எனக்குத் தெரியாதா?" என்றாள். "ஆனா விதி நான் எழுதினது இல்ல. அங்க கிடக்கறவங்களுக்கு ரத்த சொந்தமா இருக்கணும். இல்லன்னா அந்தக் குடும்பத்து ஆளு கையெழுத்துப் போட்டு இடத்தை விட்டுக் கொடுக்கணும்."

"ஒருத்தருக்காக மாத்த முடியாதா?"

"போன வருஷம் போர்ட்லண்டுலேருந்து ஒருத்தன் வந்தான். இங்கேருந்து மலை நல்லாத் தெரியுது, எனக்கு ஒரு இடம் வேணும்னான். செத்த பிறகு மலையைப் பாத்து என்ன பண்ணப் போறான்? உனக்கு மாத்தினா அவனுக்கும் மாத்தணும்."

"அந்த மூலை யாரோடது?"

"ஸ்ட்ராட் குடும்பத்தோடது. ஆறு பேர் படுக்கற இடம். ஆல்மீரா ஒருத்திதான் கிடக்கா. வண்டி கட்டி வந்த காலத்துல, ரெண்டாவது குளிர்காலமே போயிட்டா. புருஷன் கிடியன், பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மேற்கே போனவன், திரும்பியே பாக்கல."

"அவங்க வம்சத்துல இப்ப யாரு இருக்காங்க?"

ஆர்டிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தானே உன்னைப் படிக்க வச்சான் வெர்லின்."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நான்தான் அந்தச் சொல்லை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். படித்தது வரலாறு. இந்த நிலத்துக்கு முதலில் குடியேறி வந்தவர்களைப் பற்றி நீளமாகக் கட்டுரை எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்டுரையில் எங்கள் மேட்டுக் கல்லறை இல்லை. வெற்றுக் கல் யாருடையது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா ஏன் அந்த மூலையைக் கேட்டார் என்று தெரிந்துகொள்ள டெல் பிக்ஸ்பியிடம் போனேன். அப்பாவோடு அதிக நாள் மாடு கறந்தவர் டெல் மாமாதான். முழங்கால் போய், இப்போது கொட்டகையைக் கழுவிவிடும் வேலை மட்டும் பார்க்கிறார்.

"வா காலேஜு," என்றார், ஹோஸ் பைப்பை என் கையில் கொடுத்துவிட்டு. "அந்த மூலையில அடி. படிச்சவ அடிச்சா சாணி தானாப் போயிரும்."

அடித்துக்கொண்டே கேட்டேன். அப்பா அந்தக் கல்லிடம் என்ன ஜெபித்தார் என்று.

டெல் மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. "உங்கப்பன் ஜெபிச்சான்னா நெனச்சே? அவன் நெனப்புக்குக் கொண்டுவரப் பாத்தான், பொண்ணே. கல்லுல என்ன எழுதியிருந்துச்சுன்னு."

பிறகு சொன்னார். ஊருக்கு நூறு வயது நிறைந்த கொண்டாட்டம் வந்த வருடம், ஊர்வலத்துக்கு முன்னால் மேட்டுக் கற்களையெல்லாம் வெள்ளையாக்கிவிட வேண்டும் என்று குழு முடிவு செய்ததாம். பாசி பிடித்துக் கிடந்த கற்கள். பிரஷ்ஷுக்கு மசியவில்லை. பால் குழாயில் படிகிற காரையை எடுக்கப் பண்ணைகளில் ஒரு ஆசிட் வைத்திருப்போம். அது போகாத கறையையும் போக்கும் என்பது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். கழுவும் வேலை அப்பாவுக்கும் டெல் மாமாவுக்கும் வந்தது; அப்பாதான் அந்த யோசனையைச் சொன்னார். டெல் மாமா மறுக்கவில்லை. மறுக்க இங்கே யாருக்கும் காரணம் இருந்திருக்காது. இரும்புக் குழாய்க்கு ஆகும்போது கல்லுக்கு ஆகாதா?

"முதல்ல ஒண்ணுல போட்டுப் பாப்போம்னான். எதுல போடறது? கோர்லிஸ் கல்லுலயா? ஆர்டிஸ் எங்க தோலை உரிச்சிருவா. அதனால யாரும் கேக்க வராத கல்லாத் தேடினோம்." டெல் மாமா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "பிரஷ்ஷால பாசியைத் தேய்ச்சு எடுத்தான். எழுத்துத் தெரிஞ்சதும் சத்தமாப் படிச்சான். பேரு, வருஷம், கீழ நாலு வரி. நான் அந்தாண்ட ஆசிட்டைக் கலக்கிட்டிருந்தேன், காதுல போட்டுக்கல. அப்புறம் ஊத்தினோம். நுரைச்சுது. அழுக்கெல்லாம் போகுதுன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னோம், பாத்துக்கோ. பெருமையா நின்னோம். தண்ணி ஊத்திக் கழுவினா, கல்லு முட்டை ஓடு மாதிரி வெள்ளை. எழுத்து இல்ல."

மற்ற கற்களை வெறும் தண்ணீரில் கழுவினார்களாம். பனியும் வெயிலும் அரித்துவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னார்களாம். அடுத்த வாரமே அப்பா ஒரு பழைய மெஷினை வாங்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்ப் புல் வெட்ட ஆரம்பித்தார்.

"மொத வரி மட்டும் வந்துச்சு அவனுக்கு. 'முன்னால் போயிருக்கிறாள், தண்ணீர் பார்க்க.' அடுத்ததெல்லாம் வரல. ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்திட்டு மொத வரியச் சொல்லிப் பாப்பான், மிச்சம் ஒட்டிக்கிட்டு வருமான்னு. கீழ வந்து, 'இன்னிக்கும் வரலடா டெல்'னுவான்." முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "பாசியோட விட்டிருந்தா இன்னிக்கும் இருந்திருக்கும்."

நான் பைப்பை மூடினேன். ஆஸ்பத்திரியில் 'வந்துரும்பா' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. கொட்டகையில் வேறு மூலை மீதமிருந்தது. அதையும் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆல்மீராவின் குடும்பத்தைத் தேட ஆரம்பித்தேன். நூலகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறேன். மூடிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நிலப் பத்திரம், மக்கள்தொகைக் கணக்கு, பழைய நாளிதழ்களின் மரண அறிவிப்பு. இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வேலை. இதைத் தேடுவது அப்பாவுக்காகவா, அல்லது எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான் என்பதாலா என்று அப்போது என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் இல்லாமலே தேடலாம் என்பதும் தெரிந்தது.

முதலில் தப்பான ஸ்ட்ராட்களின் பின்னால் போனேன். பாய்சியில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, அவருடைய முன்னோர்கள் கோல்டர் பள்ளத்தாக்கில் குடியேறியவர்களா என்று கேட்டேன்.

"எங்காளுங்க எங்கயும் குடியேறினதில்லம்மா," என்றார் அவர். "குதிரை திருடித் தூக்குல தொங்கினவங்க. வேணும்னா அதுக்குப் படம் இருக்கு, அனுப்பவா?"

கிடியனுக்கு மகன்கள் இருந்தார்கள் என்று நான் தேடிக்கொண்டிருந்ததுதான் தவறு. அவருக்கு இருந்தது மூன்று பெண்கள். கல்யாணமானதும் ஸ்ட்ராட் என்ற பெயர் மூன்று பக்கமும் கரைந்துவிட்டது. கடைக்குட்டியின் மரண அறிவிப்பில் 'சிறுவயதில் கோல்டர் பள்ளத்தாக்கில் இருந்தவர்' என்று ஒரு வரி இருந்தது. அங்கிருந்து அவள் பிள்ளைகள், பேத்தி என்று இறங்கினேன். உயிரோடு இருந்தது அந்தப் பேத்தி ஒருத்திதான். நேவா கிம்ப்ரல். கடலோரம், அஸ்டோரியாவில்.

போனில் சொல்லும் விஷயமாகப் படவில்லை. வழியில் பனி உருகியதும் அப்பாவின் பிக்கப்பை எடுத்துக்கொண்டு மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போனேன். பொழுது சாய்கிற நேரம். கதவைத் திறந்தவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏதாச்சும் விக்க வந்தியா, இல்ல சாமி கும்பிடச் சொல்ல வந்தியா?"

"ரெண்டும் இல்லம்மா. உங்க பாட்டியோட அம்மா கல்லறை எங்க ஊர்ல இருக்கு."

"அப்ப உள்ள வா. செருப்பத் தொடச்சிட்டு வா."

டிவியில் ஏதோ போட்டி ஓடிக்கொண்டிருந்தது. நேவா வேலை பார்த்ததெல்லாம் மீனை டின்னில் அடைக்கும் ஆலையில். "சாமன் மீன் தலையை வெட்டி வெட்டியே என் ஆயுசு போச்சு," என்றாள். "எனக்கு ஆளுங்களப் பாத்தாலும் கழுத்துதான் முதல்ல தெரியும்." எனக்குச் சூப்பும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அப்பா மாடு கறந்தவர், கல்லறையைப் பார்த்துக்கொண்டவர், சொந்தமாக இடம் இல்லாதவர், உங்கள் குடும்பத்து இடத்தில் ஓர் ஓரம் வேண்டும். தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ஆறு இடம் இருக்குங்கற. எங்கள்ல ஒருத்தரும் வந்து படுக்கப் போறதில்ல. என்னை எரிச்சுக் கடல்ல விடச் சொல்லிட்டேன், மீனுங்களுக்குப் பதில் சொல்லணுமே." கண்ணாடியைத் தேடினாள். பேனாவை எடுத்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கல்லுல என்ன எழுதியிருக்கு?"

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தா. கிடியனுக்கு எழுதப் படிக்க வராது. ஆனா அந்த வார்த்தையெல்லாம் அவரே கட்டினதாம். வண்டி இழுத்த மாட்டை வித்துக் கல்லு வாங்கினாராம். கடைக்குட்டி, அதான் எங்க பாட்டி, நாலு வயசு. 'என்னப்பா எழுதியிருக்கு'ன்னு கேட்டா, 'கல்லுல இருக்கு, எங்க போயிரப் போகுது, பெரியவளானப்புறம் போய்ப் படி'ன்னுட்டாராம். ஒருத்தரும் போகல. பாட்டி போகல, எங்கம்மா போகல, நானும் போகல. கல்லுலதான் இருக்கேன்னு இருந்துட்டோம்." விரலால் தாளைத் தட்டினாள். "படிச்சுச் சொல்லு. கையெழுத்துப் போடறேன்."

ஊரில் சொல்லிவந்த பதில் ஒன்று தயாராக இருந்தது. பனியும் வெயிலும் அரித்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அப்பாவுக்கும் இடம் கிடைத்திருக்கும். அவருக்காக நான் செய்ய மீதமிருந்தது அந்த ஒரு காரியம்தான். ஏன் அதைச் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நல்லவள் என்பதால் இல்லை. அந்தப் பொய்க்குத் தேவையான உணர்ச்சி எதுவும் அன்று என்னிடம் இல்லை, அவ்வளவுதான். நடந்ததைச் சொல்வது சுலபமாக இருந்தது. டெல் மாமா சொன்னபடியே சொன்னேன். யாரும் கேட்க வராத கல் என்று தேர்ந்தெடுத்ததையும் சொன்னேன்.

நேவா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அணைக்கவில்லை.

"என்ன ஊத்தினான்னு சொன்ன?"

"பால் குழாய் கழுவற ஆசிட்."

"முட்டாப் பய."

"ஆமாம்மா."

"யாரும் கேக்க வரமாட்டாங்கன்னு." அவள் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "அதுல பொய் ஒண்ணும் இல்லையே. வரலையே நாங்க."

சூப் ஆறி மேலே ஏடு கட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வரி ஞாபகம் இருந்துச்சுன்ன. சொல்லு."

"முன்னால் போயிருக்கிறாள், தண்ணீர் பார்க்க."

"வண்டி கட்டி வந்தவங்க, வழியில தண்ணி இருக்கான்னு பாக்க ஒருத்தர முன்னால அனுப்புவாங்களாம். இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அவள் உதடு அசைந்தது. மெஷினை நிறுத்தி நின்ற அப்பாவின் உதடு அசைந்தது போலவே இருந்தது. அல்லது எல்லோருடைய உதடும் அப்படித்தான் அசையுமோ என்னவோ. பிறகு பேனாவை எடுத்து, கோட்டுக்கு வெளியே போகிற பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அதைப் படிச்ச கடைசி ஆளு இந்த உலகத்துல உங்கப்பன்தான். அவனை வேற எங்க கொண்டுபோய்ப் போடுவ?" தாளை என் பக்கம் தள்ளினாள். "ஆனா ஒண்ணு. நான் மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லிராத. மூணு வரி அவன் எங்களுக்குக் கடன். பக்கத்துலயே படுத்து யோசிக்கட்டும்."

"கல்லுல அவங்க பேரை மறுபடி வெட்டித் தரேம்மா. வருஷமும் தெரியும்."

"வேணாம். பேரை வெட்டினா வேலை முடிஞ்சுதுன்னு ஊரே வீட்டுக்குப் போயிரும். வெறுங்கல்லாவே இருக்கட்டும், முழுசாக் கிடைக்கிற வரைக்கும்."

கிளம்பும்போது ஒரு டின் மீனைக் கையில் திணித்தாள். "நான் அடைச்சதில்ல, கடையில வாங்கினது. பயப்படாமத் தின்னு."

நினைவு நாளுக்கு முந்தின சனிக்கிழமை அப்பாவைப் புதைத்தோம். குழி சின்னதுதான், தூணுக்குக் குழி தோண்டும் கருவியாலேயே டெல் மாமா தோண்டிவிட்டார். வெள்ளைக் கல்லுக்கு ஒரு கை தள்ளி. ஆர்டிஸ் தன் தோட்டத்து லைலாக்கை இரண்டு காபி டின்களில் கொண்டுவந்தாள், அப்பாவுக்கு ஒன்று, ஆல்மீராவுக்கு ஒன்று. இரண்டு டின்னையும் கண்ட பிறகு அவளிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. ஆசிட்டைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள் ஆர்டிஸ், டின்னை மண்ணில் அழுத்திக்கொண்டே. "பனி வந்து இத்தனை கல்லுல ஒரே ஒரு கல்லை மட்டும் தேடிப் பிடிச்சுத் தின்னுமா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா வெக்கப்பட்டு வராமப் போயிருப்பான். அப்புறம் புல்லை யாரு வெட்டறது, நீயா?"

டெல் மாமா சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டேன். காற்று அடித்தது. கீழே ஏதோ பண்ணையில் கறவை நேரம். மாடுகள் வாசலில் வந்து கத்திக்கொண்டிருந்தன. அப்பா உயிரோடு இருந்தால் அந்தச் சத்தத்துக்கு எழுந்து போயிருப்பார்.

குழு வேறு ஆள் பார்க்கும் வரை டெல் மாமாதான் புல் வெட்டுகிறார். முழங்கால் வலியோடு, அப்பாவின் பழைய மெஷினைத் தள்ளிக்கொண்டு. சில நாட்கள் நூலகத்திலிருந்து வரும் வழியில் வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன். வடக்கு மூலைக்கு வந்ததும் அவரும் எஞ்சினை அணைக்கிறார்.

"என்ன வெர்லின், ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்கிறார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேட்பது போல, சாதாரணமாக. காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, கயிற்றை இழுக்கிறார்.

அஸ்டோரியாவிலிருந்து நேவா மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். நலம் விசாரிப்பதில்லை. "வந்துச்சா?" என்பாள். "இன்னும் இல்லம்மா" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவாள். அப்பாவின் பெயர் போட்ட கல் தரையோடு தரையாகப் பதிந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஆல்மீராவின் கல் வெறுமையாக நிற்கிறது. மூன்று வரிகள் இன்னும் பாக்கி.